அடங்கியிருப்பதை நம்பாதவர்

எதுவும் சத்தமில்லாமல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. தெரு நாய் குரைக்காமல் படுத்திருந்தால் சற்றுத் தள்ளி நடப்பார். ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் ஏறச் சொன்னால் ஏற மாட்டார். ஒரு சமயம் மைசூரில் எங்கள் விஜயநகர் தெருவில் கார்ப்பரேஷன் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு, முழு வேகத்தில், நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தெருவே சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மாடிப்படியில் நின்று, "ஏன் இவ்ளோ நல்லா வருது?" என்று கேட்டார். அந்த வார முடிவில் தெருமுனையில் குழாய் வெடித்து, ரோடு ஆறாக ஓடியது. அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. இவ்வளவு நாள் ஏன் வெடிக்காமல் இருந்தது என்று யோசித்துக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் அவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடி மேடம் என்றால் காய்கறி வண்டிக்காரர் வரை தெரியும். ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மைசூரில்தான். அவர் அப்பாவும் என் அப்பாவைப் போல ரயில்வேக்காக வந்த தமிழர். அதனால் தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். நீங்கள் எதைச் சொன்னாலும் முதலில், "ஹௌதா?" என்பார். அப்படியா என்று அர்த்தம். மைசூரில் இருக்கிற நாங்களும் தினம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால், நாம் சொன்னது பொய்யோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

வீடு பார்க்க வந்த அன்றே எனக்கு அவர்மேல் ஒரு கசப்பு. மாடிக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். மற்றவர்கள் வந்தால் ஜன்னலைப் பார்ப்பார்கள், தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இவர் சுவரோடு சுவராக நடந்து ஒரு மூலையில் நின்று, "இங்க மட்டும் ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு அண்ணா?" என்றார். நகத்தால் சுரண்டினார். உள்ளே ஈரம். பெயிண்டர் பையன் பூசி மறைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேறு வீடு பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ, இந்த ஈரம் இங்கே இருப்பது தெரிந்துவிட்டது, தெரியாத வீட்டுக்குப் போவதைவிட இது மேல் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

நான் மண்டி மொஹல்லாவில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. காலையில் கடை திறந்து முதல் கற்பூரத்தை முருகனுக்கு ஏற்றினால்தான் எனக்குக் கை ஓடும். அப்படிப்பட்டவன் வீட்டு மாடியில் ஒரு சாமி படம்கூட மாட்டாத மனுஷி. என்ன வேலை என்று கேட்டதற்கு, ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன் முட்டை பார்ப்பதாகச் சொன்னார். என் மனைவி மஞ்சுளா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மீன் முட்டையைப் பார்ப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஏதோ மறைக்கிறார் என்றே கொஞ்ச நாள் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சாமிக்கு வைத்ததை இப்படியா முகர்வார்கள் என்று மஞ்சுளாவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டாள். "சாமி சாப்பிட்டதுல எனக்குச் சந்தேகம் இல்ல அக்கா. நெய்க் கடைக்காரர்மேலதான் சந்தேகம்" என்றார் மேடம். மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம்.

அவர் சந்தேகம் எல்லாம் பலித்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவோ தடவை தவறிப்போயிருக்கிறது. இன்வெர்ட்டர் பார்க்க வந்த மெக்கானிக்கைப் பழைய பேட்டரியை மாட்டிவிட்டான் என்று கேள்விமேல் கேள்வி கேட்டு, அவன் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து காட்ட, அது புத்தம் புதியது. வேறு யாராக இருந்தாலும் அவமானமாக இருக்கும். இவர் முகம் மலர்ந்து போயிற்று. "தப்பா நெனச்சிட்டேனா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். தப்பு என்று தெரிந்தால் சந்தோஷப்படுகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மீன் முட்டை விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளங்கியது. மாடிக் குழாய்க்கு வாஷர் மாற்றப் போயிருந்தேன். மேஜைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கண்ணாடிக் குண்டுபோல ஏதோ ஒன்று. அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். என்ன என்று கேட்டேன். மீன் முட்டை, உள்ளே குஞ்சு உருவாகிறது, முட்டை கண்ணாடி மாதிரி என்பதால் எல்லாம் தெரியும் என்றார். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு புள்ளி இரண்டாகி, பலவாகி, மொத்தமாக ஒரு முதுகுபோல வளைந்தது. அந்த முதுகு ஓரத்திலிருந்து சில புள்ளிகள் மட்டும் கூட்டத்தை விட்டுக் கிளம்பின. மலைக்கு நடந்து போகிறவர்கள் மாதிரி, ஒன்றின் பின்னால் ஒன்றாக ஊர்ந்து போயின. எங்கே போகிறது என்று கேட்டேன். அதில் சிலது முகமாகப் போகிறது, சிலது தோலுக்கு நிறம் கொடுக்கப் போகிறது, நீங்களும் நானும் அம்மா வயிற்றில் இப்படித்தான் நடந்து வந்தோம் என்றார். வழி காட்ட ஆளில்லை, விளக்கில்லை, ஆனால் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

"கும்பிடுங்க அண்ணா, ஆனா நம்பிடாதீங்க" என்றார் மேடம்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கட்டளைகள் இருக்கின்றன, மரபணு என்கிறார்கள். கருவில் இருக்கும்போது சில கட்டளைகள் விழித்திருக்கும். வேகமாகப் பெருகு, பிடித்திருக்கும் கையை விடு, கிளம்பு, நட, போன இடத்தில் வேர் பிடி. பிள்ளை முழுதாக உருவானதும் அந்தக் கட்டளைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கிப் பல காலம் கழித்து, வளர்ந்த உடம்பில் ஏதோ ஒரு செல் அவற்றில் ஒன்றை மறுபடி எழுப்பிவிடுகிறது. அப்போது அது கண்டபடி பெருகும், தன் இடத்தை விட்டுக் கிளம்பும், ரத்தத்தோடு போய் வேறு இடத்தில் இறங்கும். அதுதான் கேன்சர் பரவுவது.

"அது புதுசா எதையும் கத்துக்கிறதில்லை அண்ணா. நாம கொழந்தையா ஆகறதுக்கு வச்சிருந்ததைத்தான் எடுத்துக்குது."

நான் கோபமாகவே கேட்டேன். வேலை முடிந்தபின் கத்தியை அப்படியே வீட்டில் போட்டுவிட்டுப் போகிறவனா கடவுள்? அவர் சிரிக்கவில்லை. தூக்கி எறிய முடியாது, காயம் ஆறுவதற்கும் அதில் கொஞ்சம் வேண்டும், அதனால்தான் உள்ளேயே வைத்திருக்கிறது என்றார். பிறகு, "அடங்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அதை நம்பல. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அன்று சாப்பிடும்போது மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருகா, பிள்ளையை உருவாக்குகிற அதே கட்டளையா என்று எனக்கு மனசே ஆறவில்லை. அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் எங்கள் ஒரே மகள் கீர்த்தனா வளைகாப்பு முடிந்து, பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடே மாறிவிட்டது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மண் தோண்டக் கூடாது, இரும்பு படக் கூடாது என்று மஞ்சுளா ஒரு சட்டமே போட்டாள். மாடி மேடம் திரைச்சீலைக்கு டிரில் போட ஆள் வரச் சொல்லியிருந்தார். பிரசவம் ஆகட்டும் என்று மஞ்சுளா நிறுத்தினாள். மேடம் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஆனால் கீர்த்தனா வயிற்றை அவர் பார்க்கிற பார்வை எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மற்ற பெண்கள் பார்த்தால் சிரிப்பார்கள், என்ன குழந்தை என்று சொல்வார்கள். இவர் வாசலில் நின்று, பூட்டிய கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மேலே போனதும் மஞ்சுளா மிளகாய், உப்பு சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லை என்றால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்பாள். சிநேகிதம் வேறு, இது வேறு.

ஒருநாள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேடம் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, அக்கா தினம் மல்லிப்பூ கூட வாங்கறாங்க, கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருந்தேன். மகள் வந்திருக்கிறாள், தலைக்கு வைக்க என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன்.

"ஹௌதா? கீர்த்தனா பூ வாசனை வந்தா கொமட்டுதுன்னு தலைல வைக்கறதில்ல. அக்கா தலைலயும் இல்ல. சாமிக்கு எப்பவும் போல ஒரு சரம்தான். மிச்சப் பூ கசங்கி, வேர்வையோட, குப்பைக் கூடைல கெடக்கு. பூ எங்க போகுது அண்ணா?"

அடுத்தவர் வீட்டுக் குப்பைக் கூடையைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் கடையில் உட்கார்ந்தபின் மனம் அதையே சுற்றியது. மஞ்சுளா பக்கத்தில் வரும்போது தலையில் பூ இல்லாமலே மல்லிகை வாசம் வருவதை நானும் அறிந்துதான் இருந்தேன். அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

மஞ்சுளா வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். இடது மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வளைகாப்புக்கு வந்த அவள் அக்காவிடம் காட்டியிருக்கிறாள். மகள் உண்டாகியிருக்கும்போது சில தாய்மார்களுக்கு உடம்பு தானாக ஞாபகம் வைத்துக்கொண்டு பால் கட்டும், பயப்படாதே அம்முணி என்று அந்த அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"மாடி மேடமே சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? கர்ப்பத்துல இருந்த வேலை பின்னாடி ஒருநாள் மறுபடி முழிச்சுக்கும்னு. அதுதாங்க இது. பேரப்புள்ள வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

எனக்கும் அது சரியென்றே பட்டது, ஏனென்றால் சரியென்று படவேண்டும் என்று நான் விரும்பினேன். மேலே போய் மேடத்திடம் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். நீங்கள் சொன்ன அதே விஷயம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். மேடம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அவர் "ஹௌதா" என்று கேட்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் சொன்னதா?" என்றார். அவ்வளவுதான். செருப்புகூடப் போடாமல் கீழே இறங்கி வந்தார்.

கீர்த்தனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நாங்கள் மூவரும். மேடம் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் சொன்ன விதம் தப்பு. கொழந்தைக்குள்ள அந்தக் கட்டளைக்கு ஒரு முடிவு இருக்கு. போ, இது ஆகு, போதும் நில்லு. மறுபடி தப்பா முழிச்சதுக்கு நில்லுன்னு சொல்ல யாரும் இல்ல. வலி இருக்கா?"

"வலியே இல்ல மேடம்."

"அதான் எனக்குப் பிடிக்கல."

கேன்சர் என்று நானும் சொல்லவில்லை, பால் கட்டு என்று நீங்களும் சொல்லாதீர்கள், ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் இருக்க மாட்டார் என்று மேடம் மன்றாடினார். மஞ்சுளா அசையவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கும்போது இரும்பு படக்கூடாது, ஊசியும் இரும்புதான். பிரசவம் ஆகட்டும், தீட்டுக் கழியட்டும், போகலாம். ஊசி குத்தினால் அது பரவிவிடும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"பரவறதுக்கு அது ஊசிக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுக்கா" என்றார் மேடம்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். மேடம் சொல்வது பயமாக இருந்தது. மஞ்சுளா சொல்வது வசதியாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, பூ கட்டிப் பார்ப்பது. கல்யாணத்திலிருந்து கடை வைத்தது வரை எங்கள் வீட்டில் எதையும் முருகனைக் கேட்காமல் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்துக் கேட்போம். சிவப்பு வந்தால் உடனே டாக்டர். வெள்ளை வந்தால் பிரசவம் வரை பொறுப்பது. மஞ்சுளா சட்டென்று ஒத்துக்கொண்டாள். மேடம் எங்கள் பூஜை அறை வாசலில் முதல்முறையாக வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். "கேளுங்க. நானும் நிக்கறேன்" என்றார்.

பொட்டலம் கட்டியது மஞ்சுளா. அது எப்போதும் அவள் வேலை. மல்லிகையையும் செவ்வரளியையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, முருகன் காலடியில் வைத்தாள். நான் கற்பூரம் காட்டினேன். மனசுக்குள் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எடுப்பதற்குக் கீர்த்தனாவைக் கூப்பிட்டோம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கையில் சாமி குடியிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை, ஒரு வேண்டுதல் என்றோம். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

மஞ்சுளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று எனக்கும் மூச்சு வந்தது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே துளசிச் செடியடியில் போட்டுவிடுவது வழக்கம். மஞ்சுளா அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"அக்கா, அதையும் பிரிங்க" என்றார் மேடம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நெய்க்கடைக்காரரைச் சந்தேகப்படலாம், மெக்கானிக்கைச் சந்தேகப்படலாம். சாமி காலடியில் வைத்ததையா? என் வீட்டில் நின்றுகொண்டா? வெளியே போங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் மஞ்சுளா அந்தப் பொட்டலத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்ட வேகம் என்னை நிறுத்தியது. சாமி பூவை யாரும் அப்படிப் பறிப்பதில்லை.

"என்னம்மா அது, குடு" என்று கீர்த்தனா அவள் முந்தானையிலிருந்து எடுத்துவிட்டாள். நூலை இழுத்தாள். இலை விரிந்தது. அதற்குள்ளும் மல்லிகை.

கற்பூரம் அணைந்து தட்டில் கரி படிந்திருந்தது. செவ்வரளியை அவள் எப்போது மாற்றினாள், எங்கே போட்டாள், இன்றுவரை நான் கேட்கவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டாளே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேடத்தைப் பார்த்துச் சொன்னாள். "பால் கட்டு இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். புள்ளைய ஒரு தடவை கையில வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் அதுக்குப் பேரு வைக்காதீங்கன்னுதான்."

கீர்த்தனா, எதற்குப் பேர், என்ன பால் கட்டு என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க வழியில்லை. சொன்னோம். அவள் அழவில்லை. போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "அம்மா, வா" என்றாள். அவ்வளவு பெரிய வயிற்றோடு அவள்தான் முதலில் ஆட்டோவில் ஏறினாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று மேடம் வேலைக்குப் போகவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். கேன்சர்தான். அக்குள் வரைக்கும் போயிருந்தது, அதற்கு மேல் போகவில்லை. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஒரு தடவையாவது நான் தப்பா இருந்திருக்கலாமே அண்ணா" என்றார். அந்த மனுஷி அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கீர்த்தனாவுக்குக் கடைசி வாரங்களில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குறித்த நாளுக்கு முன்னாலேயே பெண் பிறந்தாள், சின்ன உடம்பு. அன்று பூஜை அறையில் நடந்த அதிர்ச்சிதான் காரணமோ என்று எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. மேடத்தின்மேல் அந்தக் கோபம் முழுசாக எனக்குப் போகவில்லை என்பதை மறைக்க மாட்டேன். டாக்டர் அப்படி இல்லை என்றார். மேடத்திடம் கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தெரியல அண்ணா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். ஒரு சின்ன ஆறுதலைக்கூட அவரால் சோதிக்காமல் கொடுக்க முடியாது.

மஞ்சுளா மொட்டைத் தலையோடு பேத்தியைக் கையில் வாங்கினாள். மருந்து ஏற்றினார்கள், பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். முடி முளைத்தது. பழையபடி வெள்ளிக்கிழமைப் பொங்கல் வைத்தாள். ரிப்போர்ட்டில் இப்போது ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்தேன். மேடம் மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் படித்தார். அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டார். எனக்கு இனிப்பே கசந்துவிட்டது.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவருக்கு வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாயிற்று. சாமான் வண்டியில் ஏறியபின் விடைபெற வந்தார். மஞ்சுளா வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு இனிமே ஒன்னும் இல்லதானே மேடம்?"

நான் மேடத்தின் முகத்தையே பார்த்தேன். சொல்லுங்கள், ஒரு வார்த்தை, உங்களுக்கு என்ன போய்விடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கையை நீட்டி மஞ்சுளாவின் தலையை, புதிதாக முளைத்த அந்தச் சுருட்டை முடியைத் தடவினார்.

"கெளம்பின செல்லு ஏதாவது ஒன்னு எங்கயாவது போய்ச் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கலாம்க்கா. இருக்காமலும் இருக்கலாம். மார்ச் மாசம் செக்கப்புக்குப் போயிடுங்க. நல்லா இருக்கேன்னு தோணினாலும் போங்க."

வண்டி திரும்பி மறைந்ததும் மஞ்சுளா உள்ளே வந்து உட்கார்ந்து அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்றாள். ஒன்றும் ஆகாது அக்கா என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துபோகும் என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாமியை நம்பாதவர்களுக்கு மனுஷரைத் தேற்றவும் தெரியாது என்று பதில் சொன்னேன்.

மார்ச்சில் மஞ்சுளா நன்றாக இருந்தாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்தாள். போகவேண்டாம், எதற்கு வீணாக ஊசியும் ஸ்கேனும் என்று நான்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஈரலில் கடுகளவு ஒரு புள்ளி இருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். சின்னது, ஒன்றே ஒன்றுதான், வலி வரும்வரை காத்திருந்தால் கைமீறிப் போயிருக்கும், இப்போதே மருந்து தொடங்கினால் கட்டுப்படுத்தி வைக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு ஜபம்கூட வரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் யாரோ மாட்டியிருந்த சாமுண்டீஸ்வரி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளா கையைத் தன் மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளைங்க" என்றாள் கடைசியில். "அன்னைக்கு மேடம் அந்த ஒரு வார்த்தையச் சொல்லல. சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் மஞ்சுளாவின் பெயரைக் கூப்பிட்டாள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, மருந்து ஏற்றும் அறைக்குள் போனாள்.